நாலு பேருக்குப் பத்து இட்லி

போன மாசம் காட்டு விலங்கு டாக்குமெண்டரி டிஸ்க் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அதுக்கு வந்த கடிதத்தையும் வாட்ஸப்பையும் பாத்தா கடலூர்லயும் பாண்டியிலயும் இன்னும் இத்தனை பேரு டிஸ்க் போட்டுப் பாக்கறாங்களான்னு எனக்கே ஆச்சரியமா இருக்கு. அதனால இந்த வாட்டி மொத்தப் பக்கமும் அதுக்கே. இன்வெர்ட்டர் பேட்டரி பத்தி கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கணும்.

கேள்வி: புதுசா 55 இன்ச் டிவி வாங்கி இயற்கை டாக்குமெண்டரி ப்ளூ-ரே (டிவிடிக்கு அப்புறம் வந்த எச்டி டிஸ்க்) ஒண்ணு போட்டேன். மான் கூட்டத்து மேல கேமரா பக்கவாட்டுல நகர்ந்தா படம் விட்டு விட்டு இழுக்குது. கேமரா நின்னுட்டா கண்ணாடி மாதிரி இருக்கு. டிவி கடையில டிஸ்க் கோளாறுன்றாங்க, டிஸ்க் குடுத்தவரு டிவி கோளாறுன்றாரு. யாரு சொல்றது சரி?
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

ரெண்டு பேரு சொல்றதும் தப்புங்க. டிஸ்க்கும் நல்லா இருக்கு டிவியும் நல்லா இருக்கு, நடுவுல இருக்கற ப்ளேயரோட மெனுவுல ஒரு வரி தப்பா இருக்கு, அநேகமா அவ்ளோதான். ஏன்னு புரிஞ்சிக்கிட்டீங்கன்னா மீதி பாதிக் கேள்விக்கு நான் பதிலே சொல்ல வேணாம், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

வீடியோன்றது வரிசையா ஓடற போட்டோ. சினிமா பேச ஆரம்பிச்ச காலத்துலருந்து செகண்டுக்கு 24 போட்டோ. டிவி கதை வேற, அது கரண்ட்டோட சேர்ந்து பொறந்தது. நம்ம நாட்டுலயும் ஐரோப்பாவுலயும் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 50 துடிப்பு, அதனால டிவியும் 50 துடிப்பு, அதுல பாதி 25 பிரேம், பிரேம்னா ஒரு முழு போட்டோ. அமெரிக்காவுல கரண்ட் 60, அங்க டிவியும் 60. லண்டன் டிவிக்காக எடுக்கற காட்டுப் படம் பெரும்பாலும் 25ல இருக்கும், தியேட்டருக்குன்னு எடுத்தது 24ல இருக்கும். இப்ப உங்க ப்ளேயர் 60ன்னு செட் ஆகி உக்காந்திருக்கு, 24 போட்டோவ வச்சிக்கிட்டு 60 இடத்த ரொப்பணும், அதாவது நாலு போட்டோவுக்குப் பத்து இடம்.

நாலு பேருக்குப் பத்து இட்லி, பிட்டுக் குடுக்கக் கூடாதுன்னா என்ன பண்ணுவீங்க? ஒருத்தருக்கு ரெண்டு, அடுத்தவருக்கு மூணு, திரும்ப ரெண்டு, திரும்ப மூணு. ப்ளேயரும் அதையேதான் பண்ணுது. ஒரு போட்டோ ரெண்டு துடிப்பு நிக்குது, அடுத்தது மூணு துடிப்பு நிக்குது. மான் என்னவோ ஒரே சீராதான் ஓடியிருக்கும், நம்ம கண்ணுக்கு அது கால் சுளுக்கின மான் மாதிரி நொண்டுது. யானை ஒரே இடத்துல நின்னு காத ஆட்டிக்கிட்டு இருந்தா தெரியாது, கேமரா நகர ஆரம்பிச்சதும் ஸ்கிரீன் முழுக்க நொண்டும், அதான் உங்களுக்கு நடக்குது. டிஸ்க்கு 25ல இருந்தா இன்னும் மோசம், அஞ்சு பேருக்குப் பன்னெண்டு இட்லி, மூணு பேருக்கு ரெண்டு ரெண்டு, மத்த ரெண்டு பேருக்கு மூணு மூணு. அதே 25ஐ 50ல போட்டுப் பாருங்க, ஆளுக்கு ரெண்டு, பந்தியில சத்தமே இருக்காது.

நானும் இதுல சூடு பட்டவன்தான். முதல் ப்ளூ-ரே ப்ளேயர் வாங்கின புதுசுல கொக்குக் கூட்டம் பறக்கற ஒரு காட்சி, கேமரா கூடவே போகும், ஒவ்வொரு கொக்கும் ரெட்டை ரெட்டையா தெரிஞ்சுது. டிஸ்க எடுத்துக்கிட்டு வாங்கின கடைக்கே போயி அரை மணி நேரம் வாய்த்தகராறு, அவரும் பாவம் வேற டிஸ்க் மாத்திக் குடுத்தாரு, அதுவும் அப்படியே. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வேற வேலை இல்லாம படத்த நிறுத்தி ஒவ்வொரு பிரேமா நகத்திப் பாத்தேன், சில பிரேம்ல றெக்கை ஓரம் சுத்தமா இருக்கு, சில பிரேம்ல சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா பிரிஞ்சி நிக்குது. மூணு சுத்தம், ரெண்டு சீப்பு, மூணு சுத்தம், ரெண்டு சீப்பு, இதே வரிசை. இவ்ளோ ஒழுங்கா ஒரு கீறல் வராதேன்னு அப்பதான் மண்டையில உறைச்சுது. மெனுவுல 24 அவுட்புட்ன்றது ஆஃப்ல இருந்துச்சு, ஆன் பண்ணேன், கொக்கு பறந்துச்சு. கடைக்காரர்கிட்ட போயி மன்னிப்பு கேக்கணும்னு நெனச்சேன், இன்னிக்கு வரைக்கும் கேக்கல.

அதனால நீங்க செய்ய வேண்டியது, ப்ளேயர் மெனுவுல வீடியோ அவுட்புட்டுக்குப் போயி 24பி (செகண்டுக்கு 24 முழு போட்டோ) அவுட்புட்ட ஆட்டோவுலயோ ஆன்லயோ வைங்க, 60 ஹெர்ட்ஸ்னோ என்டிஎஸ்சின்னோ (அமெரிக்க டிவி முறை) பிடிச்சி வச்சிருந்தா அதையும் ஆட்டோவுக்கு மாத்துங்க, டிஸ்க்கு என்ன வேகத்துல இருக்கோ அதே வேகத்துல வெளிய வரட்டும். டிவியோட பேனல் 120 ஹெர்ட்ஸா இருந்தா 24க்கு ஆளுக்கு அஞ்சு இட்லி, கணக்கு கச்சிதமா வந்துரும். வெறும் 60 பேனல்னா டிவி 24ஐ வாங்கிக்கிட்டு உள்ள போயி பழையபடி ரெண்டு மூணு போட வாய்ப்பிருக்கு, அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது. நெட்ல படம் பாக்க டிவி பின்னாடி சொருகற ஸ்டிக்குக்கும் இதே வியாதி உண்டு, அது பெரும்பாலும் 60லயே துப்பிக்கிட்டு இருக்கும், படத்தோட பிரேம் ரேட்டுக்கு மாத்திக்கற மாதிரி ஒரு செட்டிங் பல ஸ்டிக்ல இருக்கு, தேடி ஆன் பண்ணுங்க.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், எல்லாத்தையும் சரி பண்ண பிறகும் வேகமா கேமரா திரும்பற காட்சியில கொஞ்சம் தத்தித் தத்திதான் போகும். அது நொண்டல் இல்ல, செகண்டுக்கு 24 இல்ல 25 போட்டோன்றதோட இயல்பே அதான். பழைய டப்பா டிவியில இது அவ்ளோ தெரியாது. இப்ப வர்ற ஓஎல்இடின்ற புது வகை ஸ்கிரீன் ஒரு போட்டோவ அடுத்த போட்டோ வர்ற வரைக்கும் அசையாம பிடிச்சி வச்சிருந்து டக்குனு மாத்துது, அதனால அங்க கூடத்தான் தெரியும். இத தெரிஞ்சிதான் நல்ல கேமராமேன் எல்லாம் ஒரு மரம் ஸ்கிரீனோட இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்குப் போக ஏழு செகண்டாவது ஆகற மாதிரி மெதுவா திருப்புவாங்க. ஆனா சிறுத்தை ஓடும்போது ஏழு செகண்டுக்கு எங்க போறது.

கேள்வி: ஒரு டிஸ்க்ல 1080பின்னு போட்டிருக்கு, லண்டன்லருந்து வந்த இன்னொண்ணுல 1080ஐன்னு போட்டிருக்கு. ஐன்னா மட்டம்னு நண்பர் சொல்றாரு. ஏமாந்துட்டேனா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

ஏமாறல. நண்பர் சொல்றது கிரிக்கெட்டுக்கு ஓரளவு சரி, இதுக்கு சரியில்ல. 1080ன்றது படத்துல இருக்கற வரி எண்ணிக்கை. பின்னா ஒவ்வொரு தடவையும் எல்லா வரியையும் முழுசா அனுப்பறது, ஐன்னா ஒத்தைப்படை வரிய ஒரு தடவை ரெட்டைப்படை வரிய ஒரு தடவை அனுப்பறது, கதர்த் துணி நெய்யற மாதிரி ரெண்டும் சேர்ந்தாதான் முழுப் படம். ப்ளூ-ரேவுக்கு சட்டம் எழுதினவங்க 1080ல முழுப் படமா 24க்கு எடம் குடுத்தாங்க, 25க்கு குடுக்கல. எதுக்குன்னு எனக்கு இன்னிக்கும் கோவம்தான், பாதி உலகம் 25ல படம் எடுக்குது. அதனால 25ல எடுத்தவன் என்ன பண்றான், ஒவ்வொரு முழுப் படத்தையும் ரெண்டு பாதியா கிழிச்சி 50ஐன்ற கவர்ல போட்டு அனுப்பறான். ரெண்டு பாதியும் ஒரே கணத்துல எடுத்த ஒரே போட்டோதான், ஒட்டினா ஒரு வரி கூட குறையாம முழு 1080 கிடைச்சிரும். கவர் மேல எழுதியிருக்கறத பாத்து உள்ள இருக்கற கடிதத்த மட்டம்னு சொல்ல முடியாதுல்ல.

ஆனா ஒட்டற வேலைய ப்ளேயரோ டிவியோ ஒழுங்கா செய்யணும். சில டிவி இது கிரிக்கெட் மாதிரி ஒவ்வொரு பாதியும் வேற வேற கணத்துல எடுத்த உண்மையான 50ன்னு நெனச்சிக்கிட்டு பாதிப் பாதியா பிரிச்சி இல்லாத வரிய கற்பனை பண்ணி ரொப்பும், அப்பதான் புல்லு நுனி, வரிக்குதிரை கோடு இதெல்லாம் மினுமினுன்னு துடிக்கும். அப்படித் தெரிஞ்சா டிவி மெனுவுல ஃபிலிம் மோடு இல்ல சினிமா மோடுன்னு ஏதாவது இருக்கும், அத ஆன் பண்ணிப் பாருங்க.

இன்னொரு வழியும் இருக்கு, 25ல எடுத்தத அப்படியே 24ல ஓட விடறது. அமெரிக்காவுக்குப் போற டிஸ்க்ல இத பண்ணுவாங்க, ஏன்னா அங்க பல டிவி 50 துடிப்ப வாங்கவே வாங்காது. ஒவ்வொரு பிரேமும் பத்திரமா இருக்கும், ஆனா படம் 4 சதவீதம் மெதுவாயிடும், 60 நிமிஷ எபிசோடு 62 நிமிஷம் 30 செகண்டு ஓடும். சத்தத்த சரி பண்ணாம விட்டா பேசறவரு குரல் கொஞ்சம் கட்டையாயிடும். நம்மூரு டிவி ரெண்டு வேகத்தையும் வாங்கிக்கும், அந்த வகையில நாம குடுத்து வச்சவங்க. கேக்கறதுக்குக் கட்டையா இருக்கேன்னு பிபிசி காட்டுப் படத்துக்கெல்லாம் வர்ணனை பேசற டேவிட் அட்டன்பரோவுக்கு ஜலதோஷம்னு நெனச்சிடாதீங்க.

கேள்வி: எங்க வீட்டுப் புது டிவியில புலி நடந்து வர்றது டிவி சீரியல் மாதிரி இருக்கு. வழவழன்னு. என் வீட்டுக்காரர் இதான் சூப்பர்ன்றாரு. எனக்கு என்னமோ பொம்மை மாதிரி தெரியுது. யாரு பக்கம் நீங்க?
— வாசகி, லாஸ்பேட்டை

உங்க பக்கம்தாம்மா. உங்க டிவி ரெண்டு நிஜ போட்டோவுக்கு நடுவுல தானா ஒரு போட்டோ வரைஞ்சி சேர்க்குது. சோனியில மோஷன்ஃப்ளோ, சாம்சங்ல ஆட்டோ மோஷன் ப்ளஸ், எல்ஜியில ட்ரூமோஷன்னு ஆளுக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க, வேலை ஒண்ணுதான். 25 போட்டோவ 50 ஆக்கறேன் 100 ஆக்கறேன்னு நடுவுல ஊகம் பண்ணி ரொப்பும். சீரியலும் நியூஸும் கிரிக்கெட்டும் நெசமாவே செகண்டுக்கு 50 தடவை அசைவு பதிவாகறது, அதனால அந்த வழவழப்பு நம்ம கண்ணுக்குப் பழகின சீரியல் வழவழப்பு. புலிய 25ல எடுத்துட்டு அந்த பாலிஷ மேல பூசினா உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிதான் தெரியும்.

வீட்டுக்காரர்கிட்ட ஒரே ஒரு காட்சி போட்டுக் காட்டுங்க. ஏதாவது சின்னக் குருவி இல்ல தேன்சிட்டு கிளைய விட்டு எழும்பற இடம், பின்னாடி இலையா இருக்கணும். றெக்கைய சுத்தி தண்ணியில சோப்பு நுரை மாதிரி ஒரு வட்டம் கலங்கும், றெக்கை ஒரு கணம் காணாமப் போயி திரும்ப வரும். ஏன்னா அடுத்தடுத்த ரெண்டு போட்டோவுக்குள்ள றெக்கை மேலருந்து கீழ வந்து திரும்ப மேல போயிருக்கும், நடுவுல என்ன ஆச்சுன்னு டிவிக்குத் தெரியாது, அது அடிச்சி விடுது. ஆஃப் பண்ணிடுங்க. சில புது டிவியில ஃபிலிம்மேக்கர் மோடுன்னு ஒண்ணு இருக்கு, 2019ல அறிவிச்சது, ஒரு பட்டன் அழுத்தினா இந்த வேலையெல்லாம் நிறுத்திடும். கிரிக்கெட்டுக்கு அவரு இஷ்டம் போல வச்சிக்கட்டும், குடும்பத்துல நிம்மதி முக்கியம்.

கேள்வி: ஒரே டிஸ்க்ல ஒரு காட்சி அப்படியே நேர்ல நிக்கற மாதிரி இருக்கு, அடுத்த காட்சி புள்ளி புள்ளியா மங்கலா பழைய விசிடி மாதிரி இருக்கு. எச்டின்னு சொல்லிக் காசு வாங்கிட்டு இப்படிப் பண்ணலாமா?
— வாசகர், சிதம்பரம்

காட்டுக்குள்ள ஒரே கேமராவோட போக முடியாதுங்களே. ஹெலிகாப்டர் அடியில ஆடாம நிக்கற கேமரா ஒண்ணு, தண்ணிக்குள்ள போறது ஒண்ணு, பொந்துக்குள்ள நுழையற விரல் தண்டி லென்ஸ் ஒண்ணு, பாறைக்குப் பின்னாடி ஆளே இல்லாம கட்டி வச்சிட்டு வர்ற பொறிக் கேமரா ஒண்ணு. இதெல்லாம் ஒரே தரத்துல இருக்காது. 2006ல வந்த 'பிளானெட் எர்த்' பிபிசி எச்டியில எடுத்த முதல் பெரிய இயற்கைத் தொடர், 11 எபிசோடு, அந்தக் காலத்து எச்டி கேமரா இருட்டுல திணறும். அதுல ராத்திரியில சிங்கக் கூட்டம் யானைய அடிக்கற காட்சி ஒண்ணு இருக்கு பாருங்க, போட்ஸ்வானாவுல எடுத்தது, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்துல எடுத்திருப்பாங்க. கலர் கிடையாது, புள்ளி கொப்புளிக்கும், ஓரமெல்லாம் மசமசன்னு இருக்கும். ஆனா அத தெளிவா எடுக்கணும்னா ஃபோகஸ் லைட் போடணும், லைட் போட்டா சிங்கம் வேட்டையாடுமா? எனக்கு அந்தப் புள்ளி புள்ளிதான் பிடிக்குது, மொத்தத் தொடர்லயும் மனசுல நின்ன காட்சிகள்ல அதுவும் ஒண்ணு.

இன்னொரு காரணம் ஸ்லோ மோஷன். செகண்டுக்கு 1000 போட்டோ எடுத்து 25ல ஓட்டினா ஒரு செகண்டு 40 செகண்டா நீளும். ஆனா ஒவ்வொரு போட்டோவுக்கும் கேமரா கண்ணு ஆயிரத்துல ஒரு பங்கு நேரம்தான் தெறந்திருக்கு, வெளிச்சம் உள்ள போறதே கொஞ்சம், அதனால நல்ல வெய்யில் இருந்தாத்தான் முடியும், மேகம் மூடினா புள்ளி தட்டும். பழைய அதிவேகக் கேமராவெல்லாம் முழு எச்டியும் எடுக்காது, சின்னதா எடுத்துப் பெருசு பண்ணியிருப்பாங்க, மங்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

புள்ளி பிடிக்கலன்னு டிவியில நாய்ஸ் ரிடக்‌ஷன ஏத்தி வச்சிடாதீங்க. புள்ளியோட சேர்த்து நாரையோட கழுத்து மயிரு, ஆமை ஓட்டு வரி எல்லாத்தையும் வழிச்சி எடுத்துட்டு மெழுகுப் பொம்மையா ஆக்கிரும். டிஸ்க்குக்கு அது எப்பவும் ஆஃப். ஷார்ப்னஸையும் கம்மி பண்ணுங்க, கடையில எல்லாத்தையும் உச்சத்துல வச்சி விக்கறாங்க.

கேள்வி: வீட்ல ஃபைபர் நெட் 100 மெகாபிட். அதுல 4கேவே ஓடுது. அப்புறம் எதுக்கு வெறும் 1080 டிஸ்க்குக்குக் காசு?
— வாசகர், நெய்வேலி

உங்க கேபிள் 100 மெகாபிட் தூக்கும், சரி, ஆனா நெட் வழியா படம் ஓட்டற ஸ்ட்ரீமிங் கம்பெனி உங்களுக்கு 100 மெகாபிட்டா அனுப்புது? 4கேவுக்கு, அதாவது 1080ஐ விட நாலு மடங்கு புள்ளி இருக்கற படத்துக்கு, அவங்க கேக்கறதே 15, 25 மெகாபிட் லைன்தான். பைப் பெருசா இருந்து என்ன, டேங்க்ல வால்வு பாதிதான் தெறந்திருக்கு.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 1080 படத்துல ஒரு பிரேமுக்கு 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளி (பிக்சல்). ப்ளூ-ரேல வர்ற மாதிரி 8 பிட் கலர்ல, வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் சேர்த்து, புள்ளிக்கு சராசரி 12 பிட்டு, செகண்டுக்கு 25 பிரேம், பெருக்கினா சுமார் 622 மெகாபிட் வருது. ப்ளூ-ரேல வீடியோவுக்கு உச்சவரம்பு 40 மெகாபிட், ஒரு 30ல ஓடுதுன்னு வைங்க, இருபதுல ஒரு பங்கா சுருக்கியிருக்காங்க. 4கேவுக்கு இதே கணக்க 10 பிட்ல (புள்ளிக்கு சராசரி 15 பிட்டு) போட்டா 3,110 மெகாபிட், அத 15க்குள்ள அடைச்சா இருநூறுல ஒரு பங்கு. புது கோடெக், அதாவது சுருக்கற முறை, கெட்டிக்காரத்தனமானதுதான், மறுக்கல, ஆனாலும் இருநூறுன்றது இருநூறு.

எங்க அடி வாங்கும்னா, சுருக்கற வித்தையே மாறாதத திரும்ப எழுதாம விடறதுதான். நியூஸ் வாசிக்கறவங்க பின்னாடி சுவரு அப்படியே இருக்கு, ஒரு தடவை எழுதினா போதும், வாய மட்டும் எழுதிக்கலாம். இப்ப தேவனாம்பட்டினத்துல சில்வர் பீச்ல நின்னு அலைய பாருங்க. எந்தப் புள்ளி மாறாம இருக்கு? ஒண்ணு கூட இல்ல. நுரை, மழை, காத்துல ஆடற கரும்புத் தோட்டம், பனி பேயறது, ஆயிரம் பறவை ஒரே நேரத்துல எழும்பறது, எதையும் விட முடியாது எல்லாத்தையும் புதுசா எழுதணும், பிட்டு பத்தாது. அப்பதான் தண்ணி கட்டம் கட்டமா உடையும், பறவைக் கூட்டம் கொழகொழன்னு கஞ்சியாகும். சினிமாவுல ரெண்டு பேரு உக்காந்து பேசற காட்சிக்கு ஸ்ட்ரீமிங் போதும், எனக்கும் போதும். காட்டுப் படம்னா பிட்டு வேணும், 4கேன்ற எழுத்து இல்ல. உங்ககிட்டயே ரெண்டும் இருந்தா அருவிக் காட்சி ஒண்ண ரெண்டுலயும் போட்டு ஆறடி தள்ளி உக்காந்து பாருங்க, பாறை மேல தண்ணி தெறிக்கற இடத்துல சொட்டு சொட்டா தெரியுதா இல்ல வெள்ளையா ஒரு புகை போவுதான்னு.

ஒரு இடத்துல மட்டும் பழைய ப்ளூ-ரே தோக்கும், அத ஒத்துக்கணும். கடலுக்கடியில நீலம், சாயங்கால வானம், இதுல 8 பிட்டுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான், நீலத்துலருந்து கருநீலத்துக்குப் போகும்போது மாடிப்படி மாதிரி பட்டை பட்டையா விழும். 10 பிட்ல 1024 படி, அங்க வழுக்கிக்கிட்டுப் போகும். 4கே டிஸ்க் 10 பிட்டு, பிட் ரேட்டும் 100 மெகாபிட்டுக்கு மேல போகலாம், 50 பிரேமும் 60 பிரேமும் கூட முழுப் படமா வைக்கலாம், 25க்கு எடமில்லன்ற சண்டையும் அதுல தீந்துச்சு. விலையும் அதுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கு.

கேள்வி: பிரான்ஸ்ல இருக்கற என் மச்சான் லீவுக்கு வந்தப்ப பென்குயின் டிஸ்க் ஒண்ணு குடுத்தாரு. நம்ம ப்ளேயர்ல 'பிராந்தியம் தவறு'ன்னு வருது. படமே வரல.
— வாசகர், முத்தியால்பேட்டை

பாண்டியில இந்தக் கேள்வி வரலன்னாதான் ஆச்சரியம். ப்ளூ-ரேவுக்கு பிரான்ஸ் பி, நாம சி, அமெரிக்கா ஏ, அப்படி உலகத்த மூணா பிரிச்சி வச்சிருக்காங்க. டிஸ்க் அட்டை பின்னாடி உருண்டைக்குள்ள எழுத்து இருக்கும், ஏபிசி மூணும் இருந்தா எங்கயும் ஓடும், பி மட்டும்னா ஓடாது. டிவிடிக்கு இருந்த மாதிரி ரிமோட்ல நம்பர் அழுத்தி மாத்தற வித்தை ப்ளூ-ரேவுக்குப் பல ப்ளேயர்ல கிடையாது. அடுத்த தடவை மச்சான்கிட்ட 4கே டிஸ்க்கா வாங்கிட்டு வரச் சொல்லுங்க, அதுக்கு இந்தப் பிராந்தியப் பூட்டே இல்ல. என்ன, அதுக்கு 4கே ப்ளேயர் வேணும், அதையும் மச்சானே வாங்கிட்டு வந்தா நல்லதுதான்.

கேள்வி: காலேஜ்ல படிக்கறேன். ஊசுட்டேரியில பறவை வீடியோ எடுத்து ஒரு குட்டி டாக்குமெண்டரி பண்றேன். போன்ல 30, 60ன்னு இருக்கு. எது நல்லது? அப்புறம் ரூமுக்குள்ள எடுத்த பேட்டியில பின்னாடி லைட்டு பட்டை பட்டையா ஓடுது.
— மாணவி, வில்லியனூர்

பட்டைக்குக் காரணம் முதல்ல. நம்மூரு கரண்ட் 50, டியூப் லைட்டு செகண்டுக்கு 100 தடவை மங்கி மங்கி எரியுது, கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 30, 60 எல்லாம் அமெரிக்கா கணக்கு, 100ஓட ஒத்துப் போகாது. 25லயோ 50லயோ வச்சி ஷட்டர, அதாவது கேமரா கண்ணு தெறந்திருக்கற நேரத்த, செகண்டுல ஐம்பதுல ஒண்ணோ நூறுல ஒண்ணோ வச்சா பட்டை போயிரும். போன்ல 25 காட்டலன்னா செட்டிங்ஸ்ல கேமராவுக்குள்ள பால் (PAL, நம்மூரு டிவி முறை) ஃபார்மட்னு தேடிப் பாரு, ஐபோன்ல அந்தப் பேர்லயே இருக்கு, மத்ததுல ப்ரோ மோடுலயோ தனி ஆப்புலயோ கிடைக்கும்.

ஏரியில சூரிய வெளிச்சம், அங்க இந்தத் தொந்தரவு இல்ல. ஆனா படம் முழுக்க ஒரே வேகத்துல எடும்மா, அதான் முக்கியம், பேட்டி 25 ஏரி 30ன்னு எடுத்துட்டு எடிட்ல ஒண்ணா போட்டா பழைய இட்லிப் பஞ்சாயத்துதான். மொத்தமும் 25ல வச்சிக்கோ. மீன்கொத்தி பாயறதுக்கு மட்டும் 240 போட்டுக்கோ, 25ல ஓட்டினா ஏறக்குறைய பத்து மடங்கு மெதுவாகும், அது தண்ணிய தொடறதுக்கு முன்னாடி றெக்கைய பின்னாடி மடக்கறது தெரியும். காலையில ஏழரைலருந்து ஒன்பது வரைக்கும் எடு, அதுக்கு முன்னாடி 240க்கு வெளிச்சம் பத்தாது, அதுக்கு அப்புறம் தண்ணி மேல கானல் ஆடும். நத்தைகுத்தி நாரை சேத்துல நின்னு நத்தைய உடைச்சிக்கிட்டு இருந்தா ஸ்லோ மோஷன் வேணாம், அது நடக்கற நேரத்துலயே பாக்கறதுதான் அழகு, ட்ரைபாட்ல வச்சிட்டு கைய எடுத்துரு. ஜூம்ம விரலால கிள்ளாத. போன் டிஜிட்டலா பெருசு பண்றது பெருசே இல்ல, நடந்து பக்கத்துல போக முடிஞ்ச வரைக்கும் போ, அதுங்க கலையாத தூரத்துல நில்லு.

கேள்வி: ஞாயிறு சந்தையில எச்டி டிவிடி ப்ளேயர் ஒண்ணு 300 ரூபாய்க்கு வந்துச்சு. கூட யானை டாக்குமெண்டரி டிஸ்க் மூணு. வாங்கலாமா?
— வாசகர், அரியாங்குப்பம்

எச்டி டிவிடின்றது ப்ளூ-ரேவுக்குப் போட்டியா வந்த வேற வகை டிஸ்க், அத கொண்டு வந்த தோஷிபாவே 2008 பிப்ரவரியில அத கைவிட்டுட்டாங்க. ப்ளூ-ரே அதுல போகாது, லென்ஸ் போச்சுன்னா பார்ட்டு கிடைக்காது. 300 ரூபாய் கடனில்லன்னா வாங்கி அலமாரியில வைங்க, அந்த மூணு டிஸ்க்கு ஓடற வரைக்கும் ஓடட்டும். யானை டிஸ்க்ல 1080ல நல்ல படம்தான் இருக்கும், அதுல குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: 2015 வெள்ளத்துல நனைஞ்ச டிஸ்க் பெட்டி இப்பதான் பரண்லருந்து எறக்கினேன். பூஞ்சை. போட்டா நடுவுல நின்னு நின்னு போவுது. தூக்கிப் போட்டுறவா?
— வாசகி, மஞ்சக்குப்பம்

போடாதீங்கம்மா. டிஸ்க்கு பாலிகார்பனேட், தண்ணிக்கு ஒண்ணும் ஆகாது, பூஞ்சை மேலாகத்தான் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட், விரலாலயே மெதுவா நடுவுலருந்து ஓரத்துக்கு நேரா நேரா தேய்ங்க, வட்டமா சுத்தாதீங்க, வட்டமா ஒரு கீறல் விழுந்தா அது ஒரே பாதையில நீளமா போயி படத்த சாப்பிட்டுரும். பழைய பனியன் துணியில ஒத்தி எடுத்து நிழல்ல காய வைங்க. டிவிடியில படம் பதிஞ்ச அடுக்கு பாதி ஆழத்துல 0.6 மில்லிமீட்டர் உள்ள இருக்கு, ப்ளூ-ரேல 0.1 மில்லிமீட்டர்லயே இருக்கு, மேல ஒரு கெட்டிப் பூச்சு இருந்தாலும் அத நகத்தாலயும் பேஸ்ட்டாலயும் சொரண்ட வேணாம். பல்லு தேய்க்கற பேஸ்ட் வித்தை டிவிடியோட போச்சு. வெளிச்சத்துல தூக்கிப் பாத்து உள்பக்கம் ஊசிக்குத்து மாதிரி ஓட்டை தெரிஞ்சா மட்டும் அது தேறாது, மத்ததெல்லாம் பெரும்பாலும் தேறும்.